பிழைத்தவரின் ஸ்தோத்திரம்

சிவகாசி, சாத்தூர் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையின் நடுவே ஒரு பட்டியல் வாசிக்கப்படும். வாரம் முழுக்கச் சபையார் கவரில் போட்டுக் கொடுத்த ஸ்தோத்திரக் காணிக்கைகளின் பட்டியல் அது. பெயர், தொகை, காரணம் மூன்றும் இருக்கும். பிறந்தநாள் ஸ்தோத்திரம், திருமண நாள் ஸ்தோத்திரம், மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, பேத்திக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக, புது வீட்டுக்கு நிலை வைத்ததற்காக. இவற்றோடு அதே குரலில் இன்னொரு வரியும் அவ்வப்போது வரும்: ஆலை விபத்தில் காயமில்லாமல் தப்பியதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை, இத்தனை ரூபாய். வாசிப்பவர் அங்கே நிறுத்துவதில்லை. அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

கஷ்டத்திலும் நன்றி சொல்லப் பழகு என்ற அறிவுரைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பிரசங்க மேடையில், டிவி ஊழியங்களில், காலையில் வாட்ஸாப்பில் வந்து விழும் வசனப் படங்களில் அது நிரம்பி வழிகிறது. நாடெங்கும் சுவரில் தொங்கும் வசனக் காலண்டர்களிலும் புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் பெரும்பங்கு சிவகாசி அச்சகங்களில் இருந்தே போகிறது. ஆறுதல் வசனத்தை ஊருக்கெல்லாம் அச்சடித்து அனுப்புகிற இந்த ஊர், தனக்கென்று என்ன வைத்திருக்கிறது என்று பார்த்தால், காலண்டரை விட அந்தக் காணிக்கைக் கவர்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருவர் தன் பெயரைச் சொல்லி, தனக்கு நேர்ந்ததைச் சொல்லி, சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, ஊரறிய நன்றி சொல்கிறார். இதை மனநிலை என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஆபத்தோடு குடித்தனம் நடத்தும் ஒரு வட்டாரத்தில் கிறிஸ்தவ நன்றியறிதல் உண்மையில் எப்படி நடக்கிறது, எங்கே பலம் தருகிறது, எங்கே பாதியில் நின்றுபோகிறது என்பதே இங்கே கேள்வி.

இது மழையை நம்பிய கரிசல் காடு. பருத்தியும் கம்பும் சோளமும் ஏமாற்றிய வருஷங்கள் இங்கே அதிகம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சும் வந்தன. 1940இன் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு பட்டாசு முறையான ஆலைத் தொழிலாயிற்று. இன்று நாட்டின் பட்டாசில் சுமார் 90 விழுக்காடு இந்த வட்டாரத்திலிருந்து போகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகளை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. மாவட்ட மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆலை வேனில் ஒன்றாக ஏறிப் போகிறவர்களில் பெரும்பாலோர் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள். அவர்களோடு அதே இருக்கையில் அமர்ந்து போகிறவர்கள்தான் இந்தச் சபையாரும். காரியம் கைகூடியபின் அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்துவதற்கும், கர்த்தருக்குப் பொருத்தனை செலுத்துவதற்கும் உள்ள உறவை மிஷனரிகள் சந்தேகத்தோடு பார்த்ததுண்டு. ஜனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாங்கிய நன்மைக்குப் பதில் செய்யாமல் இருக்கக் கூடாது என்பது செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வைத்த திருக்குறளின் ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது இல்லை.

மருந்து அறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெளியார் காதுக்கு மருந்து என்றால் குணமாக்குவது. இங்கே அது அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கலவை. அறைகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்டக் கட்டப்பட்டிருக்கும், இடையில் வேப்பமரங்கள். ஓர் அறையில் நால்வருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. செருப்பை வெளியே விட வேண்டும், பருத்தி உடை உடுத்த வேண்டும், தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், உடம்பில் ஏறிய மின்னூட்டத்தை இறக்கக் கதவோரம் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். இரும்புச் சாமான் எதுவும் கூடாது. மருந்துக் கலவை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீர வேண்டும், மிச்சத்தை வைத்தால் ஈரம் கோத்து தானே சூடேறும். இத்தனைக்குப் பிறகும் ஓர் உரசல் போதும். இந்த அறைக்குள் காலை வைக்கும்போது ஒருவர் ‘இயேசப்பா’ என்கிறார், பக்கத்தில் இருப்பவர் ‘ஆத்தா’ என்கிறார். சாயங்காலம் வேன் ஏறும்போது அதே பெயர்கள் மறுபடி வரும், இம்முறை பெருமூச்சோடு. நாளின் இரு முனைகளிலும் சொல்லப்படும் இந்த ஒற்றைச் சொல்தான் இங்கே மிகச் சிறிய ஜெபம். காலையில் வேண்டுதல், மாலையில் நன்றி.

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகம் இதே இரண்டு முனைகளால் ஆனது என்று வாதாடியவர் ஜெர்மானிய அறிஞர் கிளவுஸ் வெஸ்டர்மான். இரண்டாம் உலகப் போரில் கைதி முகாமில் இருந்தபோது கையில் இருந்த சங்கீதங்களை வைத்து அவர் தொடங்கிய சிந்தனை, பின்னர் 1954இல் நூலாக வந்தது. பட்டினி முகாமில் உட்கார்ந்து ஒரு மனிதர் தேவனைப் புகழ்வதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். அவர் புகழ்ச்சியை இரண்டாகப் பிரித்தார். தேவன் இத்தகையவர் என்று அவருடைய குணங்களைச் சொல்லிப் புகழ்வது ஒன்று. எனக்கு இன்னது நேர்ந்தது, கூப்பிட்டேன், அவர் இன்னது செய்தார் என்று அறிவிப்பது மற்றொன்று. இரண்டாவது வகைதான் நன்றிச் சங்கீதம். அதில் குழி வரும், சேறு வரும், வியாதி வரும், எதிரி வருவான். துன்பத்தைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் பாட முடியாது. விழுந்த இடத்தைச் சொன்னால்தான் தூக்கிவிட்டவருக்கு நன்றி சொல்ல முடியும். புலம்பலையும் நன்றியையும் வெஸ்டர்மான் ஒரே ஓட்டமாகத்தான் கண்டார். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவற்றில் பல, முடிவில் நன்றி சொல்லும் வாக்குறுதிக்கு வந்து சேர்கின்றன. 88ஆம் சங்கீதம் மட்டும் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் யூதரும் கிறிஸ்தவரும் ஜெபப் புத்தகமாக வைத்துக்கொண்டார்கள்.

நம் சபைகளில் இந்த இரண்டாம் வகைக்கு ‘சாட்சி சொல்லுதல்’ என்று பெயர். வீட்டு ஜெபக் கூட்டத்திலோ முழு இரவு ஜெபத்திலோ ஒருவர் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ‘கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ என்று தொடங்கினால், அடுத்து வருவது ஒரு பட்டாசுத் தொழிலாளியின் ஒரு வருஷக் கணக்கு. மூச்சுத் திணறல், புருஷன் குடி, குழுக் கடன், மகள் காலேஜ் பீஸ், அறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஓடித் தப்பியது, தீக்காய வார்டில் தங்கை கிடந்த நாட்கள். ‘கர்த்தர் கைவிடல’ என்று முடியும். வேலையிடத்தில் வாய் திறக்க முடியாத ஒரு பெண்ணுக்கு, தனக்கு நேர்ந்ததை முழு வாக்கியங்களில், இடையில் யாரும் வெட்டாமல், பத்துப் பேர் கேட்கச் சொல்லிமுடிக்கக் கிடைத்த ஒரே மேடை அதுவாக இருக்கலாம். நன்றியறிதல் என்ற பெயரில் ஒரு வட்டாரத்தின் வாழ்க்கை வரலாறு வாய்மொழியாகப் பதிவாகிறது. அரசுக் கோப்புகளில் தேடினால் இதில் பாதிகூட அகப்படாது.

நன்றி சொன்னால் மனம் தேறுமா என்று அமெரிக்க உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு மாணவர்கள் 10 வாரம் வாரத்துக்கு ஐந்து நன்மைகளைக் குறித்து வைத்தார்கள். இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றைக் குறித்தது. நன்மையைக் குறித்தவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவு தெரிவித்தார்கள். நரம்புத் தசை நோயாளிகளிடம் நாள்தோறும் செய்யச் சொன்னபோதும் பலன் தெரிந்தது. அதன் பிறகு நன்றிக் குறிப்பேடு ஒரு வியாபாரமாகவே ஆகிவிட்டது. 2020இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெக்கும் ஜெனிஃபர் சீவன்ஸும் 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வு, பதற்றம் இரண்டிலும் இந்தப் பயிற்சிகளின் பலன் சிறிதுதான் என்று சொன்னார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நோட்டில் எழுதுகிறவர் தனியாக எழுதுகிறார். சாட்சி சொல்கிறவருக்குக் கேட்கிற சபை இருக்கிறது; அடுத்த வாரம் கரண்டு பில் கட்ட முடியாவிட்டால் அதையும் கேட்கிற சபை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது சரிவராது.

பழக்கம் என்பதற்கு ஜெர்மானியப் போதகர் மார்ட்டின் ரிங்கார்ட்டின் கதையை நம் பிரசங்கிகள் சொல்வதுண்டு. முப்பதாண்டுப் போரில் ஐலன்பர்க் நகரம் அகதிகளால் நிரம்பி, 1637இல் கொள்ளைநோய் கண்டது. உயிரோடிருந்த ஒரே போதகரான ரிங்கார்ட் 4,000க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் அவர் மனைவியும் ஒருவர். அப்போதுதான் உலகமெங்கும் இன்று பாடப்படும் அந்த நன்றிப் பாட்டை எழுதினார் என்று கதை முடியும். ஆனால் பாட்டின் காலம் 1636ஐ ஒட்டியது, அதாவது அந்தக் கொடிய ஆண்டுக்கு முந்தியது என்பதே பொதுவான கணிப்பு. பிள்ளைகளோடு உணவுமேசையில் சொல்லும் ஜெபமாகவே அது பிறந்தது என்றும் சொல்கிறார்கள். கதையின் கண்ணீர் இதனால் கொஞ்சம் வற்றுகிறது. ஆனால் விஷயம் இன்னும் உறுதியாகிறது. நல்ல நாளில் சோற்றுத் தட்டின் முன்னே சொல்லிப் பழகிய நன்றி, கெட்ட நாள் வந்தபோது கையில் தயாராக இருந்தது. பிணங்களுக்கு நடுவே நின்று புதிதாகக் கற்றுக்கொள்ளக் கூடிய காரியம் இல்லை அது. இந்தப் பக்கத்து வீடுகளில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் நடக்கும் குடும்ப ஜெபமும் அப்படித்தான். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, கடைக்குட்டி மனப்பாடமாகச் சொல்லும் ஒரு வசனம், தகப்பனோ தாயோ செய்யும் ஜெபம். பாதிப் பிள்ளைகள் தூங்கி விழுந்துகொண்டிருக்கும். யாருக்கும் அதில் மெய்சிலிர்க்காது. மெய்சிலிர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

யார் யாருக்கு ‘நன்றி சொல்’ என்று சொல்லலாம் என்பது இன்னொரு சங்கதி. சிவகாசிக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜ் கணிதத்தில் பேர் வாங்கிய தாமஸ் ராக்லண்ட், சர்ச் மிஷனரி சங்கத்தின் சென்னை அலுவலகப் பொறுப்பை விட்டுவிட்டு 1854இல் வட திருநெல்வேலிக்கு வந்தார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரு தோழர்களோடு கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகப் போனார். வெயில், கரிசல் தூசி, கேட்டும் கேளாமலும் போகிற ஜனம். கூடவே தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவில் மாதத்துக்குச் சிலராக முறைவைத்து உபதேசியார்களை அனுப்பின. அந்த உபதேசியார்கள் பலரின் பெயர் நம் கைக்கு வரவில்லை. பஞ்சமும் வயிற்றுக்கடுப்பும் சகஜமாயிருந்த காலத்தில், முன்பின் தெரியாத வடக்குக்காரர்களுக்காகக் காசு திரட்டிய தெற்கத்திச் சபைகளின் காணிக்கை, நன்றி எப்படிக் கை மாறிப் போகும் என்பதற்கு நல்ல சான்று. ராக்லண்ட் தனக்கு ஏற்கனவே இருந்த நுரையீரல் நோயோடு நாலு வருஷம் ஓடி, 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்தார். கைமேல் கண்ட பலன் மிகக் குறைவு.

அவரைப் பற்றி 1922இல் நூல் எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல். ஏமியை நம்மவர்கள் குழந்தைகளை மீட்ட ‘அம்மா’வாகத்தான் நினைக்கிறார்கள். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு புது வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டு அறையோடும் கட்டிலோடும் கழிந்தன. இந்தக் காலத்தில் எழுதியவற்றில் 1933இல் வந்த ஒரு நூல் நோயாளி நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள். நல்ல சுகத்தோடு நடமாடுகிறவர்கள் நோயாளிகளுக்காக எழுதிவைத்த ஆறுதல் புத்தகங்கள் தனக்கு உதவவில்லை என்பதால் அப்படி ஒன்றை எழுதியதாக அவரே சொல்கிறார். எனக்கு இது சாதாரண வாக்குமூலமாகப் படவில்லை. அத்தனை ஆண்டு ஊழியம் செய்தவர், தான் படுத்த பிறகுதான் ஆறுதல் இலக்கியத்தின் பெரும்பகுதி வெறும் காகிதம் என்று கண்டுகொள்கிறார். ஏர்கண்டிஷன் ஸ்டுடியோவில் இருந்து மருந்து அறைக்காரர்களுக்கு நன்றியறிதல் போதிக்கிறவர்கள் டோனாவூர்ப் பக்கம் ஒருமுறை போய்வரலாம்.

அறுப்பின் பண்டிகையைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தின் நன்றியைப் பேச முடியாது. ஒரு காலத்தில் கதிரும் பருத்தியும் பயறும் மூட்டையாக ஆலயத்துக்கு வந்த நாள் அது. காட்டு வேலையை விட்டு ஆலை வேலைக்குப் போன பிறகும் பண்டிகை மாறவில்லை, பொருள்தான் மாறிற்று. ஆலய வாசலில் பூசணி, வாழைத்தார், கோழி, முட்டை, சோப்பு, நோட்டுப் புத்தகம், சிலசமயம் ஒரு மூட்டை சிமெண்ட். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலம் விடுகிறவருக்குக் கிண்டல் நாக்கு வேண்டும். முதலில் ஒரு எலுமிச்சம்பழம் தூக்கப்படும். சந்தையில் ஐந்து ரூபாய்க்கு விற்பது இருநூறில் தொடங்கும். ஒருவர் ஏலம் எடுத்த சேவலை மறுபடி ஆலயத்துக்கே கொடுப்பார், அது இரண்டாம் முறை ஏலத்துக்கு வரும், மூன்றாம் முறையும் வரும். சேவல் மட்டும் கால் கட்டிய நிலையில் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருக்கும். பிறகு அசனம்: பந்தியில் முதலாளியும் தினக்கூலியும் பக்கத்துப் பக்கத்து இலையில். ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்த்தால் இவ்வளவும் அபத்தம். எலுமிச்சம்பழம் தன் விலையை விட்டுப் பல மடங்கு மேலே போவதுதான் அங்கே சங்கதி: வருஷம் முழுக்க ‘நூறு குரோஸுக்கு இவ்வளவு’ என்று பீஸ் ரேட்டில் தன் உழைப்பை அளந்துகொடுக்கிறவர், அந்த ஒரு நாள் அளக்காமல் கொடுக்கிறார். ஊர்ச் சிரிப்புக்கு நடுவே கொடுக்கிறார். வறுமையில் இருப்பவர்களின் நன்றி எப்போதும் கண்ணீரும் கம்பலையுமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த ஏலத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு அந்தக் கவருக்கு வருகிறேன். விபத்தில் தப்பியதற்காக ஸ்தோத்திரம். தப்பாதவர்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும் என்னவென்று பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். இந்த இரண்டும் நாடு முழுக்கச் செய்தியானவை. ஒருவர், இருவர், மூவர் என்று மாவட்டப் பக்கத்தோடு நின்றுபோனவற்றுக்குக் கணக்கில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஞாயிறு ஒன்று உண்டு. ‘கர்த்தர் என் மகளைக் காப்பாற்றினார்’ என்று ஒரு தாய் எழுந்து சொன்னால், மூன்று பெஞ்சு தள்ளி, மகளைப் புதைத்துவிட்டு வந்த இன்னொரு தாய் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தேவன் ஒருத்தியைக் காத்தார் என்றால் மற்றவளை ஏன் விட்டார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்யும் ஸ்தோத்திரம் அடுத்தவர் நெஞ்சில் ஆணியாக இறங்கும். மெய்யான போதகர்கள் இதை அறிவார்கள். அதனால்தான் அப்படிப்பட்ட ஞாயிறுகளில் அவர்கள் குறைவாகப் பேசுகிறார்கள்.

கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கும் பூசைக் கருத்துப் பட்டியல் இதை ஒருவிதமாகக் கையாளுகிறது. நன்றிக்காக ஒருவர் கேட்ட திருப்பலியும், இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இன்னொருவர் கேட்ட திருப்பலியும் ஒரே பட்டியலில், ஒரே பலிபீடத்தில். சி.எஸ்.ஐ. பட்டியலிலும் நினைவுநாள் காணிக்கை உண்டு. நன்றியும் இழப்பும் பக்கத்துப் பக்கத்து வரிகளாக வாசிக்கப்படும்போது, ஒன்று மற்றொன்றை வாயடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. கிறிஸ்தவ வழிபாட்டின் நடுமையத்திலேயே இந்த அமைப்பு இருக்கிறது. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியவர், மறுநாள் பிற்பகல் சிலுவையில் தான் கைவிடப்பட்டதாகக் கதறினார். திருவிருந்து முதலாவதை நினைக்கிறது. பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனை இரண்டாவதை. இடையில் ஒரு நாள்கூட முழுதாகக் கழியவில்லை. கைதட்டும் துதிப் பாட்டுகளால் மட்டும் ஆராதனையை நிரப்பும் இன்றைய வழக்கத்தில் அந்தப் பிற்பகலுக்கு இடம் குறைந்துவருகிறது.

அமெரிக்க வேத அறிஞர் வால்டர் புரூக்மான் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதன் விலையைக் கணக்கிட்டார். புலம்பலை இழந்த சபை, நியாயம் கேட்கும் வழக்கத்தையும் இழந்துவிடுகிறது. இருப்பதை அப்படியே ஒப்புக்கொண்டு துதிக்க மட்டும் தெரிந்துகொள்கிறது என்பது அவர் வாதம். பட்டாசு வட்டாரத்தில் இது ஏட்டுச் சங்கதி இல்லை. அச்சங்குளத்தில் உரிமம் பெற்றவர் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது விசாரணையில் வெளியாயிற்று. நால்வருக்கான அறையில் அதைவிடக் கூடுதலாக ஆட்கள், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, தீபாவளி ஆர்டரைப் பிடிக்க அவசரம், மரத்தடியில் வைத்துச் செய்யும் வேலை: விபத்துக்குப் பின் வரும் அறிக்கைகளில் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் எதுவும் தெய்வச் செயல் இல்லை. அன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், தரையில் எவ்வளவு மருந்து பரப்பியிருந்தது என்பது தப்பியவருக்குத் தெரியும். சாட்சியில் குழி வருகிறது, தூக்கிவிட்டவர் வருகிறார். குழியை வெட்டியவர் வருவதில்லை. வெஸ்டர்மான் காட்டிய பழைய நன்றிச் சங்கீதங்களில் எதிரியைப் பற்றிய வரிகள் தாராளமாக உண்டு. நம் சாட்சிகளில் அந்த வரிகளை நாமே எடுத்துவிட்டோம்.

எடுத்ததற்குக் காரணம் தெரியாமலில்லை. போர்மேன் அதே சபையில் உட்கார்ந்திருக்கலாம். முன்பணம் வாங்கிய கணக்கு முடிந்திருக்காது. அதைவிடப் பெரிது, ஆலை மூடினால் என்ன ஆகும் என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள். 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழி விட்டது. அடுத்த மாதம் ஆலைகளைப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த நாட்களில் உபவாச ஜெபங்களின் விண்ணப்பம் ஒன்றுதான்: ஆலை திறக்க வேண்டும். திறந்தபோது ஸ்தோத்திரக் கவர்கள் வந்தன. தன்னைக் கொல்லக்கூடிய அறைக்குத் திரும்பிப் போக முடிந்ததற்காக ஒருவர் மெய்யாகவே நன்றி சொல்கிறார். இதை அறியாமை என்று நகரத்துக்காரர் சொல்லிவிட்டுப் போகலாம். அவருக்கு மாதச் சம்பளம் முதல் தேதி வருகிறது. வேறு வேலை இல்லாத கரிசல் காட்டில் அந்த நன்றி பொய் இல்லை, ஆனால் பாதி. வேலைக்காகச் செய்யும் ஸ்தோத்திரமும், அந்த வேலை ஆளைக் கொல்லாமல் இருக்க வேண்டும் என்ற விண்ணப்பமும் ஒரே ஜெபத்தில் அடங்கும். ஆலய மன்றாட்டில் நாட்டுத் தலைவர்களுக்கும் மழைக்கும் நோயாளிகளுக்கும் இடம் இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளருக்காகவும், அறைக்கு நால்வர் என்ற விதிக்காகவும் ஜெபிப்பதற்கு எந்த வேத சாஸ்திரமும் தடை சொல்லவில்லை.

யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் இந்தப் பக்கத்துச் சபைகளில் அடிக்கடி பிரசங்கிக்கப்படுவது. பிறவிக் குருடன் பார்வை பெறுகிறான். நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை கண் திறந்த இடத்தோடு முடிந்துவிட்டன. அதிகாரத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது, அது ஒரு விசாரணை. அதிகாரிகள் முதலில் அவனைக் கேட்கிறார்கள், அப்புறம் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பெற்றோர் பயந்து, அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நழுவுகிறார்கள். இரண்டாம் முறை அவனைக் கூப்பிட்டு, சொன்னதை மாற்றிச் சொல்ல வைக்கப் பார்க்கிறார்கள். அவன் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறான். தெரிந்ததை, முதலில் அக்கம்பக்கத்தாரிடம் சொன்ன அதே விதமாக, அதிகாரிகளிடமும் சொல்கிறான். கடைசியில் அவனை வெளியே தள்ளுகிறார்கள்.